டெர்மினல் பிரவுசரில் பிடிஎஃப், படம், வீடியோ: எதைத் திறக்கச் சொல்லி எங்கே எழுதி வைப்பது?

டெர்மினலிலேயே, அதாவது கமாண்டு தட்டும் எழுத்துத் திரையிலேயே, வலைப்பக்கம் படிக்கிறவர்களுக்கு எழுத்து ஒரு பிரச்சினையே இல்லை. லின்க்ஸ், டபிள்யூ3எம், ஈலிங்க்ஸ், லிங்க்ஸ்2 என்று எதை எடுத்தாலும் கட்டுரையும் கையேடும் சட்டென்று வந்து நிற்கும். சிக்கல் தொடங்குவது ஒரு பிடிஎஃப் லிங்க்கிலோ படத்திலோ எண்டர் தட்டும்போதுதான். அந்த வகையை என்ன செய்வது என்று முன்கூட்டியே எங்கும் எழுதி வைக்காவிட்டால், லின்க்ஸ் டவுன்லோடு செய்யவா, விட்டுவிடவா என்று கேட்டு நிற்கும். மற்றவையும் ஏறக்குறைய அதே கதைதான். எந்த வகை ஃபைலை எந்தப் புரோகிராமில் திறப்பது என்று நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

சொல்லித்தர நான்கு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பல பிரவுசர்களுக்கும் பொதுவான மெயில்கேப் ஃபைல். இரண்டு, அந்தந்த பிரவுசரின் சொந்த செட்டிங். மூன்று, டெஸ்க்டாப்பிடமே பொறுப்பை விட்டுவிடும் எக்ஸ்டிஜி-ஓப்பன் என்ற கமாண்டு. நான்கு, ஃபைலை இறக்காமல் அதன் முகவரியை மட்டும் வெளிப் புரோகிராமுக்குக் கொடுப்பது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெயில்கேப்பை அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள், வீடியோவுக்கும் பாட்டுக்கும் முகவரியைக் கொடுக்கும் வழியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டும் சில சூழல்களில் மட்டும் நன்றாகப் பொருந்தும். ஏன் என்பதைத்தான் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

பெயர்கள் காதுக்கு ஒன்றுபோல் இருப்பதால் ஒரு சிறு விளக்கம். லின்க்ஸ் என்று நான் எழுதுவது 1992இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவான பழைய பிரவுசரை. இன்னமும் பராமரிக்கப்படும் பிரவுசர்களில் மிகப் பழையது அதுதான். லிங்க்ஸ்2 என்பது 1999இல் மிகுலாஷ் பதோச்கா தொடங்கிய லிங்க்ஸின் தொடர்ச்சி. 2001இல் பெத்ர் பவுதிஷ் அந்த லிங்க்ஸிலிருந்து கிளை பிரித்தது ஈலிங்க்ஸ். டபிள்யூ3எம் ஜப்பானில் அகினோரி இதோ எழுதியது.

முதலில் சர்வர் என்ன சொல்கிறது என்று பாருங்கள்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். பிரவுசர் ஃபைலின் பெயரைப் பார்த்து வகையை முடிவு செய்வதில்லை. சர்வர் பதிலோடு அனுப்பும் கன்டென்ட்-டைப் என்ற வரியைத்தான் நம்புகிறது. 'அப்ளிகேஷன்/பிடிஎஃப்', 'இமேஜ்/பிஎன்ஜி', 'வீடியோ/எம்பி4' என்று அது வரும். பெயரின் கடைசியில் இருக்கும் எக்ஸ்டென்ஷனுக்கு மதிப்பு வருவது, நம் கணினியிலேயே இருக்கும் ஃபைலைத் திறக்கும்போதோ, வகையைச் சொல்லாத எஃப்டிபி போன்ற இடங்களிலிருந்து எடுக்கும்போதோதான்.

இது தெரியாமல் செட்டிங்கோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நிறையப் பேர். எக்ஸ்டென்ஷன் பட்டியலில் பிடிஎஃப் என்று அழகாக எழுதி வைத்திருப்பார்கள். ஆனாலும் ஒரு குறிப்பிட்ட தளத்தில் மட்டும் வேலை செய்யாது. காரணம், அந்த சர்வர் எல்லா ஃபைலையும் 'அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்' என்று அனுப்பிக்கொண்டிருக்கும். வெறும் பைட்டுகள், என்னவென்று தெரியாது என்பதுதான் அதன் பொருள். பிரவுசர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு டவுன்லோடு செய்யவா என்று கேட்கும். அது செட்டிங்கின் தவறல்ல.

ஆகவே எதையும் மாற்றும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கர்ல் கமாண்டோடு பெரிய 'ஐ' எழுத்து ஆப்ஷனைக் கொடுத்தால் சர்வரின் தலைப்பு வரிகள் மட்டும் வரும். லின்க்ஸிலும் '-ஹெட் -டம்ப்' என்று கொடுத்து அதையே பெறலாம். பிரவுசருக்குள் இருக்கும்போது '=' விசையை அழுத்தினால் திறந்திருக்கும் பக்கத்தின் விவரம் வரும்; லின்க்ஸ், டபிள்யூ3எம், ஈலிங்க்ஸ் மூன்றிலும் இதே விசைதான்.

மெயில்கேப்: பழையது, ஆனால் இன்னும் கைகொடுப்பது

மெயில்கேப்பின் வடிவத்தை வகுத்தது 1993 செப்டம்பரில் வந்த ஆர்எஃப்சி 1524 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம். மின்னஞ்சலோடு படமும் ஒலியும் வர ஆரம்பித்த காலம் அது. எந்த இணைப்பை எந்தப் புரோகிராம் திறக்கும் என்று ஒவ்வொரு மெயில் புரோகிராமிலும் தனித்தனியாக எழுதாமல், ஒரே இடத்தில் எழுதி எல்லாரும் படித்துக்கொள்ளட்டும் என்பதுதான் யோசனை. வலை வந்ததும் டெர்மினல் பிரவுசர்களும் அதையே படிக்க ஆரம்பித்தன. லின்க்ஸ், டபிள்யூ3எம், ஈலிங்க்ஸ் மூன்றும் படிக்கும். மட் போன்ற மெயில் புரோகிராமும் படிக்கும். இதற்கு மேல் ஒரு பெரிய சிறப்பு தேவையில்லை. பிரவுசரை மாற்றினாலும் நீங்கள் எழுதி வைத்தது உங்களோடு வரும்.

வடிவமும் எளிது. ஒரு வரியில் ஒரு வகை; அரைப்புள்ளி போட்டு கமாண்டு; மறுபடி அரைப்புள்ளி போட்டுத் தேவையான குறிப்புகள். ஃபைலின் பெயர் வரவேண்டிய இடத்தில் '%எஸ்'. ஃபைலுக்குள் எழுதும்போது எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். வாசிக்க வசதியாக இங்கே தமிழில் தருகிறேன்.

இமேஜ்/*; ஃபே %எஸ்; டெஸ்ட்=டெஸ்ட் -என் "$டிஸ்ப்ளே"

எந்தப் படமாக இருந்தாலும் ஃபே என்ற படம் பார்க்கும் புரோகிராமில் திற, ஆனால் திரைச் சூழல், அதாவது ஜன்னல்களைத் திறக்கும் வரைகலைத் திரை, ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் என்று இந்த வரி சொல்கிறது. அந்த 'டெஸ்ட்' குறிப்புதான் மெயில்கேப்பின் உயிர். கொடுத்த கமாண்டு வெற்றியாக முடிந்தால் மட்டுமே அந்த வரி செல்லும். இல்லாவிட்டால் பிரவுசர் அடுத்துப் பொருந்தும் வரிக்குப் போய்விடும். டெர்மினல் பிரவுசரைப் பயன்படுத்துகிறவர்களில் பலர் பாதி நேரம் சொந்தக் கணினியிலும் பாதி நேரம் எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு எங்கோ இருக்கும் கணினியிலும் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு இந்தக் குறிப்பின் அருமை தெரியும். பிடிஎஃப்புக்கு நான் சிபாரிசு செய்யும் இரண்டு வரிகளைப் பாருங்கள்:

அப்ளிகேஷன்/பிடிஎஃப்; ஜதுரா %எஸ்; டெஸ்ட்=டெஸ்ட் -என் "$டிஸ்ப்ளே"
அப்ளிகேஷன்/பிடிஎஃப்; பிடிஎஃப்டுடெக்ஸ்ட் -லேஅவுட் %எஸ் -; கோப்பியஸ்அவுட்புட்

திரை இருந்தால் ஜதுரா என்ற பிடிஎஃப் வாசிப்பானில் பக்கம் பக்கமாகத் திறக்கும். திரை இல்லாவிட்டால் பாப்லர் தொகுப்போடு வரும் பிடிஎஃப்டுடெக்ஸ்ட் அதிலுள்ள எழுத்தை மட்டும் பிரித்துக் கொடுக்கும். கடைசியில் இருக்கும் ஒற்றைக் கோடு முக்கியம். ஃபைலில் எழுதாமல் நேரே வெளியே கொட்டு என்று சொல்வது அதுதான். 'லேஅவுட்' ஆப்ஷன் பத்திகளையும் அட்டவணைகளையும் ஓரளவுக்கு இருந்த இடத்திலேயே வைக்கும்.

'கோப்பியஸ்அவுட்புட்' என்பது இந்தக் கமாண்டு நிறைய எழுத்தைக் கொட்டும், காட்ட ஏற்பாடு செய் என்ற அறிவிப்பு. அந்த ஏற்பாடு இடத்துக்கு இடம் மாறும். சில புரோகிராம்கள் எழுத்தை லெஸ் போன்ற, திரை திரையாக நகர்த்திக் காட்டும் பேஜருக்கு அனுப்பும். டபிள்யூ3எம் இதில் ஒரு படி மேலே. வெளிவரும் எழுத்தைத் தன்னுடைய இன்னொரு பக்கமாகவே திறந்துவிடும். தேடலாம், பின்னால் போகலாம், பிடிஎஃப் என்ற நினைப்பே இல்லாமல் படித்துக்கொண்டு போகலாம். எந்த பிரவுசரிலும் ஒரேபோல் நடக்க வேண்டும் என்றால், கமாண்டின் கடைசியில் நீங்களே லெஸ்ஸுக்கு பைப் போட்டு (வெளியீட்டை அதற்குத் திருப்பிவிட்டு), 'நீட்ஸ்டெர்மினல்' என்ற குறிப்பைச் சேர்த்துவிடுங்கள்.

டபிள்யூ3எம்மில் இன்னொரு வசதி உண்டு. 'எக்ஸ்-ஹெச்டிஎம்எல்அவுட்புட்' என்ற குறிப்பைச் சேர்த்தால், கமாண்டு தரும் வெளியீட்டை அது ஹெச்டிஎம்எல்லாக எடுத்துக்கொள்ளும். வேர்டு ஆவணத்தையோ மார்க்டவுனையோ பேண்டாக் என்ற ஆவண மாற்றி வழியாக ஹெச்டிஎம்எல்லாக மாற்றச் சொல்லி ஒரு வரி எழுதிப் பாருங்கள். தலைப்பும் பட்டியலும் உள்ளே இருக்கும் லிங்க்கும் அப்படியே உயிரோடு வரும். ஆவணங்களை நிறையப் படிக்கிறவருக்கு டபிள்யூ3எம்மைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே போதுமான காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இந்த எழுத்து வழி, திரை இல்லாதபோது வேறு கதியில்லாமல் ஒதுங்கும் இடமல்ல. பேச்சொலி வழியாகவோ பிரெய்ல் கருவி வழியாகவோ வலையைப் படிக்கிறவர்கள் பலர் டெர்மினல் பிரவுசரை நம்பியிருக்கிறார்கள். அவர்களுக்குப் படமாகத் திறக்கும் பிடிஎஃப்பால் எந்தப் பயனும் இல்லை. எழுத்தாகத் திறக்கும் வரிதான் முதல் வரியாக இருக்க வேண்டும். எப்படியும் பொருந்தும் வரிகளில் மேலே இருப்பதுதான் வெல்லும் என்பதால், மேலே உள்ள இரண்டு வரிகளை இடம் மாற்றினால் போதும். ஒரு எச்சரிக்கை: ஸ்கேன் செய்து சேர்த்த பிடிஎஃப்பில் எழுத்தே இருக்காது, படம்தான் இருக்கும், பிடிஎஃப்டுடெக்ஸ்ட் வெற்றுப் பக்கம்தான் தரும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப்பாக இருந்தால் குப்பை எழுத்து வரும். அப்போது செட்டிங்கைச் சந்தேகப்பட வேண்டாம்.

எங்கே எழுதுவது? ஹோம் ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் '.மெயில்கேப்' ஃபைலில். கணினி முழுமைக்குமான மெயில்கேப் இடிசி ஃபோல்டரில் இருக்கும். டெபியன் வகை லினக்ஸ் கணினிகளில் அதை அப்டேட்-மைம் என்ற கமாண்டு தானாக உருவாக்குகிறது. பயனருக்கு என்று ஒதுக்கிய பகுதியைத் தவிர வேறு எங்கே எழுதினாலும் அடுத்த முறை அது புதிதாக எழுதப்படும்போது அழிந்துபோகும். எனவே அங்கே கை வைக்காமல் ஹோமிலேயே வைத்துக்கொள்வது நல்லது. குறிப்பான வகைகளை மேலேயும் '*' போட்ட பொது வரிகளைக் கீழேயும் எழுதுங்கள்.

மெயில்கேப்பின் குறை என்னவென்றால், ஃபைல் முழுவதும் இறங்கிய பிறகுதான் கமாண்டு ஓடும். பிடிஎஃப்புக்கும் படத்துக்கும் அது ஒன்றுமில்லை. ஒரு மணி நேர வீடியோவுக்கு அது பெரிய தொல்லை. கடைசி பைட் வந்து சேரும் வரை முதல் காட்சிகூடத் தெரியாது. தற்காலிக ஃபோல்டரிலும் அத்தனை இடமும் போகும். இதற்கான தீர்வு நான்காவது வழியில் இருக்கிறது.

பிரவுசரின் சொந்த செட்டிங்

ஒரே பிரவுசரைத்தான் காலம் முழுக்கப் பயன்படுத்தப்போகிறீர்கள், மெயில்கேப்பைப் படிக்கும் வேறு புரோகிராம் எதுவும் உங்களிடம் இல்லை என்றால் இதுவும் நல்ல வழியே. எவ்வளவு வசதி என்பது பிரவுசரைப் பொறுத்தது.

லின்க்ஸில் செட்டிங் ஃபைலில் 'வியூவர்' என்று தொடங்கும் வரி எழுத வேண்டும். வகை, கமாண்டு, அப்புறம் விருப்பமிருந்தால் எக்ஸ்விண்டோஸ் அல்லது நான்_எக்ஸ்விண்டோஸ் என்ற சொல், இடையிடையே முக்காற்புள்ளி. திரை இருக்கும்போது ஒன்று, இல்லாதபோது ஒன்று என்று பிரிக்க அந்தக் கடைசிச் சொல் உதவும். எக்ஸ்டென்ஷனை வகையோடு இணைக்க 'சஃபிக்ஸ்' வரி. கணினியின் பொது செட்டிங் ஃபைலைத் திருத்தாதீர்கள். உங்களுக்கென்று ஒரு சிறு ஃபைல் வைத்து, அதன் முதல் வரியில் 'இன்க்ளூட்' போட்டு பொது ஃபைலை இழுத்துக்கொண்டு, கீழே உங்கள் வரிகளை எழுதுங்கள். பிறகு 'லின்க்ஸ்_சிஎஃப்ஜி' என்ற சூழல் மாறியில் அந்த ஃபைலின் இடத்தைக் குறிப்பிட்டால் போதும். புதிய பதிப்பு வந்து பொது ஃபைல் மாறினாலும் உங்கள் வரிகளுக்கு ஒன்றும் ஆகாது.

லிங்க்ஸ்2வில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். எஸ்கேப் அழுத்தி மெனுவைத் திறந்து, செட்டப்பில் அசோசியேஷன்ஸ் என்ற இடத்துக்குப் போனால் ஒரு படிவம் வரும். பெயர், வகை, புரோகிராம் என்று மூன்று கட்டங்கள். ஃபைல் பெயருக்கு '%' மட்டும் போதும். கீழே சில தேர்வுகள்: டெர்மினலில் ஓட்டவா, எக்ஸ் திரையில் ஓட்டவா, முடியும் வரை டெர்மினலைப் பிடித்து வைக்கவா, திறக்கும் முன் கேட்கவா. அவற்றோடு ஒரு தேர்வு மற்ற பிரவுசர்கள் பொறாமைப்பட வேண்டியது: இந்தப் புரோகிராம் ஹெச்டிடிபி முகவரியை ஏற்குமா என்பது. அதில் குறி போட்டுவிட்டால், ஃபைலை இறக்காமல் முகவரியையே புரோகிராமிடம் கொடுத்துவிடும். எந்த வகைக்கு முகவரி, எந்த வகைக்கு ஃபைல் என்று ஒரே படிவத்தில் முடிகிறது. கமாண்டுகளை மனப்பாடம் செய்ய விரும்பாத ஒருவருக்கு டெர்மினல் பிரவுசரை அறிமுகப்படுத்துவதாக இருந்தால், நான் லிங்க்ஸ்2விலிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

ஈலிங்க்ஸ் இதற்கு நேர்மாறு. எல்லாமே முடியும், ஆனால் மூன்று அடுக்காக யோசிக்க வேண்டும். எக்ஸ்டென்ஷனை வகையோடு இணைக்க ஒரு வரி. வகையை ஒரு ஹேண்ட்லர் பெயரோடு இணைக்க இன்னொரு வரி. அந்த ஹேண்ட்லர் எந்தப் புரோகிராமை ஓட்டும் என்று மூன்றாவது வரி. அதிலும் வெறும் டெர்மினலுக்கு 'யுனிக்ஸ்', திரைக்கு 'யுனிக்ஸ்-எக்ஸ்வின்' என்று தனித்தனியாக எழுத வேண்டும். நடுவில் இருக்கும் ஹேண்ட்லர் பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் எதுவும் நடக்காது. படம் என்று ஒரே ஹேண்ட்லர் வைத்து ஜேபெக், பிஎன்ஜி, ஜிஃப் எல்லாவற்றையும் அதில் சேர்த்துவிட்டு, பிறகு புரோகிராமை ஒரே இடத்தில் மாற்றலாம் என்பது இதிலுள்ள நன்மை. ஆனால் ஈலிங்க்ஸ் மெயில்கேப்பையும் படிக்கும் என்பதால், இத்தனை மெனக்கெடலுக்குத் தேவை அபூர்வம். மெயில்கேப் வழியாகத் திறக்கும் முன் கேட்க வேண்டுமா என்பதற்கும் அதில் தனி ஆப்ஷன் இருக்கிறது. அதை அப்படியே 'ஆம்' என்று விட்டுவிடுங்கள்.

டபிள்யூ3எம் வகைகளைப் பொறுத்தவரை மெயில்கேப்பையே நம்பியிருக்கிறது. 'ஓ' விசையில் வரும் ஆப்ஷன் பக்கத்தில் எந்த மெயில்கேப் ஃபைல்களைப் படிப்பது, வெளிப் புரோகிராமைப் பின்னணியில் ஓட்டுவதா என்பதையெல்லாம் மாற்றலாம். படங்களைப் பக்கத்துக்குள்ளேயே காட்டும் வசதியும் அதில் உண்டு, உங்கள் டெர்மினல் ஒத்துழைத்தால்.

எக்ஸ்டிஜி-ஓப்பன்: ஒரே வரி, ஆனால் கவனம்

மெயில்கேப்பில் '*/*' என்று எழுதி எக்ஸ்டிஜி-ஓப்பனை ஓட்டச் சொன்னால் எல்லாம் முடிந்தது என்று பல இடங்களில் சிபாரிசு செய்கிறார்கள். டெஸ்க்டாப்பில் எந்த வகைக்கு எந்தப் புரோகிராம் என்று ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருப்பீர்கள். அதுவே இங்கும் செல்லும். முழு டெஸ்க்டாப் சூழலில் மட்டும் இருப்பவருக்கு இது உண்மையிலேயே சுலபமான வழி. மேக்கில் இதே வேலையை 'ஓப்பன்' கமாண்டு செய்யும்.

எனக்கு இதில் மூன்று தயக்கங்கள். முதலாவது, தற்காலிக ஃபைல் விஷயம். எக்ஸ்டிஜி-ஓப்பன் உண்மையான புரோகிராமைக் கிளப்பிவிட்டு, பல சமயம் உடனே முடிந்துவிடும். கமாண்டு முடிந்ததும் தற்காலிக ஃபைலை அழிக்கும் பிரவுசரோ மெயில் புரோகிராமோ, வேலை முடிந்தது என்று நினைத்து அழித்துவிடும். பிடிஎஃப் வாசிப்பான் மெதுவாக எழுந்து வந்து பார்த்தால் ஃபைல் இருக்காது. கமாண்டின் கடைசியில் '&' போட்டுப் பின்னணிக்கு அனுப்புகிறவர்களுக்கும் இதே விபத்து நேரும். லின்க்ஸ் போல் வெளியேறும் வரை தற்காலிக ஃபைலை வைத்திருப்பவற்றில் தொல்லை குறைவு. ஜதுராவை நேரடியாக ஓட்டினால் இந்தப் பேச்சே இல்லை, நீங்கள் மூடும் வரை கமாண்டு முடியாது.

இரண்டாவது, டெஸ்க்டாப் இல்லாத இடத்தில் எக்ஸ்டிஜி-ஓப்பன் தானே வழி தேடும். அப்போது ரன்-மெயில்கேப் என்ற கமாண்டிடம் கேட்கும். அது உங்கள் மெயில்கேப்பைப் படிக்கும். அங்கே '*/*' வரியில் எக்ஸ்டிஜி-ஓப்பன் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போனவர் டெர்மினல் உறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவதுதான் முக்கியம். '*/*' என்பது தெரியாத ஒரு சர்வர் அனுப்பும் எதையும் திறக்க ஒப்புக்கொள்வது. டெர்மினல் பிரவுசரின் பெரிய நன்மையே, நீங்கள் சொல்லாத எதையும் அது ஓட்டாது என்பது. அதை ஒரே வரியில் விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எக்ஸ்டிஜி-ஓப்பன் வேண்டும் என்றால் படம், அலுவலக ஆவணம் என்று குறிப்பான வகைகளுக்கு மட்டும் எழுதி, 'டெஸ்ட்' குறிப்பையும் மறக்காமல் சேருங்கள். ஷெல் ஸ்கிரிப்ட், பைத்தான் போன்ற வகைகளை ஓட்டக்கூடிய எதனோடும் எந்தக் காரணத்துக்காகவும் இணைக்காதீர்கள். அவற்றை எழுத்தாகக் காட்டினால் போதும்.

முகவரியை மட்டும் கொடுப்பது

எம்பிவி போன்ற பிளேயர்கள் வலை முகவரியைக் கொடுத்தாலே ஓட்ட ஆரம்பித்துவிடும். தேவையான பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டே போகும், நடுவில் தாவினால் அங்கிருந்து தொடரும். ஆகவே வீடியோவுக்கும் ஒலிக்கும் ஃபைலைக் கொடுப்பதைவிட முகவரியைக் கொடுப்பதே சரி.

லின்க்ஸில் செட்டிங் ஃபைலில் 'எக்ஸ்டர்னல்' என்ற வரியில் ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ் இரண்டுக்கும் எம்பிவியை எழுதி வையுங்கள். பிறகு லிங்க்கின் மேல் நின்று '.' விசையை அழுத்தினால் போதும். அந்த வசதியோடு தொகுக்கப்பட்ட லின்க்ஸாக இருக்க வேண்டும். டபிள்யூ3எம்மில் வெளி பிரவுசர் என்ற இடத்தில் எம்பிவியை எழுதலாம். அதற்கு ஒன்பது இடங்கள் இருக்கின்றன. லிங்க்கின் மேல் எஸ்கேப், பிறகு பெரிய 'எம்' அழுத்தினால் முதலாவது ஓடும். முன்னால் 2 என்று தட்டினால் இரண்டாவது. முதல் இடத்தில் முழு வரைகலை பிரவுசர், இரண்டாவதில் எம்பிவி என்று வைத்துக்கொள்வது வசதி. ஈலிங்க்ஸில் யூஆர்ஐ பாஸிங் என்ற பகுதியில் பெயர் கொடுத்துக் கமாண்டை எழுதி, ஒரு விசையோடு இணைக்கலாம்.

இங்கே லிங்க்ஸ்2வைத் தவிர மற்ற மூன்றிலும் முடிவு உங்களுடையது. இது வீடியோ, எண்டர் தட்டாமல் வேறு விசையை அழுத்த வேண்டும் என்று நீங்கள் முன்பே யோசிக்க வேண்டும். சில நாள் பழகினால் கை தானாகப் போகும்.

ஆனால் பிடிஎஃப்புக்கும் இதே வழி போதுமே என்று நினைக்க வேண்டாம். முகவரியை வாங்கிக்கொண்டு போகும் புரோகிராமுக்கு உங்கள் குக்கீ, அதாவது நீங்கள் லாகின் செய்தவர் என்று தளத்துக்குக் காட்டும் குறிப்பு, எதுவும் தெரியாது. லாகின் செய்து உள்ளே போன தளத்திலிருந்து ஒரு ரசீதையோ பாடக் குறிப்பையோ திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிப் புரோகிராம் அதே முகவரிக்குப் போனால் சர்வர் அதை அந்நியராகத்தான் பார்க்கும். ஃபைலுக்குப் பதில் லாகின் பக்கத்தைக் கொடுத்து அனுப்பும். உங்கள் பிடிஎஃப் வாசிப்பான் இது கெட்டுப்போன ஃபைல் என்று சொல்லும். மெயில்கேப் வழியில் இந்தச் சிக்கலே வராது, ஏனென்றால் இறக்குவது பிரவுசர்; குக்கீ அதனிடம் இருக்கிறது. எந்த வகையை எந்த வழியில் திறப்பது என்று தடுமாறும்போது நான் பார்ப்பது இதைத்தான்: லாகினுக்குப் பின்னால் இருக்கக்கூடிய ஃபைலா, அது முழுவதும் இறங்கும் வரை காத்திருக்க முடியுமா? முதல் கேள்விக்கு ஆம் என்றால் மெயில்கேப். இரண்டாவதற்கு முடியாது என்றால் முகவரி. இரண்டும் ஒன்றாக வந்தால், அதாவது லாகினுக்குப் பின்னால் இருக்கும் பெரிய வீடியோவாக இருந்தால், பிரவுசரிலேயே டவுன்லோடு செய்துவிட்டு நிதானமாகப் பார்ப்பதே நல்லது.

எழுதி முடித்த பின்

மெயில்கேப்பில் வரிகளைச் சேர்த்ததும் ஒவ்வொன்றாக லிங்க் தேடி எண்டர் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ரன்-மெயில்கேப் இருக்கும் கணினியில் அதற்கு '--நோரன்' என்ற ஆப்ஷனோடு ஒரு பிடிஎஃப் ஃபைலைக் கொடுங்கள். எந்தக் கமாண்டு ஓடியிருக்கும் என்று அச்சிட்டுக் காட்டும், எதையும் ஓட்டாது. திரை இருக்கும்போது ஒரு முறை, டிஸ்ப்ளே மாறியை வெறுமையாக்கிவிட்டு ஒரு முறை என்று பாருங்கள். இரண்டிலும் வேறு வேறு பதில் வந்தால் உங்கள் 'டெஸ்ட்' குறிப்பு சரியாக வேலை செய்கிறது. அப்புறம் உண்மையான பிரவுசரில் ஒரு தடவை.

ஜிப், டார் போன்ற தொகுப்புகளுக்கும் ஆக்டெட்-ஸ்ட்ரீமுக்கும் நான் எந்த வரியும் எழுதச் சொல்ல மாட்டேன். பிரவுசர் டவுன்லோடு செய்யவா என்று கேட்கட்டும், ஆம் என்று சொல்லுங்கள். இறங்கிய பிறகு ஷெல்லிலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிரிக்கலாம்.